பனியும் பாசஞ்சரும்

மார்கழி லீவில் தஞ்சாவூர், கும்பகோணம் சுற்ற ஆசை. காரும் இல்லை, காசும் குறைவு. என்ன செய்யலாம்?

கார் இருந்தால் மட்டும் கும்பகோணத்தில் எங்கே நிறுத்துவீர்கள்? பாசஞ்சர் ரயிலில் ஏறுங்கள். பாபநாசம், சுவாமிமலை என்று ஊர் ஊராக நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். தாராசுரத்தில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியும் நுழைவுக் கட்டணம் ஏறவில்லை. கிடையவே கிடையாது!

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ்ஸே போதும் என்கிறாரே என் மனைவி?

அவருக்குப் போதும்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து பாலம் தாண்டுவீர்கள். டிக்கெட் உங்களுக்கு மட்டும்!

மார்கழியா, தையா?

கார்த்திகையைத் தவிர எதுவும் சரி. அப்போது மழை நம்மைச் சுற்றிப் பார்க்கும். என் ஓட்டு ஜனவரிக்கு. தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் அப்போதுதான். சபாவில் காசு கொடுத்துக் கேட்கும் வித்வான்கள் திருவையாற்றில் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுவார்கள், சும்மா கேட்கலாம். லாட்ஜ் மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

சம்பா அறுவடை தொடங்கியிருந்தால் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் கார் ஏற்றுகிற பாவமும் உங்களுக்கு மிச்சம்.