அம்மாவுக்கு ஒரு 'டீ', அண்ணனுக்கு ஒரு 'டேர்'

கேள்வி - பதில்: இந்த முறை ஊவா வாசகர்களின் ஜெர்மன் கேள்விகள்

கே: 'கெஷ்விஸ்டர்' என்றால் உடன்பிறந்தோர் என்று படித்தேன். 'எனக்கு ஒரு கெஷ்விஸ்டர்' என்றால் டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லையே?
- ஒரு மாணவர், பூனாகலை

ப: அது கூட்டமாக மட்டுமே நடமாடும் சொல், தம்பி. ஷ்வெஸ்டர் என்றால் சகோதரி. அதன் முன்னால் 'கெ' சேர்த்துக் கட்டிய சொல் இது. தொடக்கத்தில் அக்கா தங்கச்சிகளை மட்டும்தான் குறித்தது. அண்ணன் தம்பிகள் பிற்காலத்தில் அதற்குள் வந்து சேர்ந்தார்கள்.

ஒரே ஒருவர்தான் என்றால் அண்ணனா அக்காவா என்று பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மூன்று பேர் என்றால் 'இஷ் ஹாப ட்ரை கெஷ்விஸ்டர்'. யாருமே இல்லை என்றால் 'இஷ் ஹாப கைன கெஷ்விஸ்டர்'. 'அவர்களோடு' என்று சொல்லும்போது கடைசியில் ஒரு 'ன்' ஒட்டும்: 'மிட் மைனன் கெஷ்விஸ்டர்ன்'.

மியூனிக் பல்கலைக்கழகத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு கெஷ்விஸ்டர் ஷோல் என்று பெயர். ஹிட்லருக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் போட்டதற்காக 1943 பெப்ரவரி 22இல் கொல்லப்பட்ட அண்ணன் ஹான்ஸ், தங்கை சோஃபி இருவருக்கும் சேர்த்து அந்த ஒரே சொல்.

கே: 'இஷ் ஹாப ஐன் புரூடர்' என்று எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்துவிட்டது.
- ஒரு வாசகி, லுணுகலை

ப: 'ஐனன் புரூடர்' என்று எழுதியிருக்க வேண்டும். நாம் 'எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார்' என்கிறோம். அங்கே அண்ணன்தான் எழுவாய். ஜெர்மன்காரர் 'நான் ஒரு அண்ணனைக் கொண்டிருக்கிறேன்' என்ற அமைப்பில் பேசுகிறார். அதனால் அண்ணன் இரண்டாம் வேற்றுமைக்குப் போய்விடுகிறார். ஆண்பால் சொல் என்றால் 'டேர்' டேன் ஆகும், 'ஐன்' ஐனன் ஆகும். பெண்பாலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'ஐன ஷ்வெஸ்டர்' அப்படியே நிற்கும். மூத்தவர் என்று காட்ட 'ஐனன் எல்டரன் புரூடர்' என்று சொல்லுங்கள்.

கே: நான்கு வேற்றுமையாம். இந்த வயதில் தலைக்குள் ஏறுமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பசறை

ப: தொல்காப்பியர் எண்ணிவைத்த எட்டும் உங்கள் தலைக்குள் ஏற்கெனவே இருக்கின்றன, ஐயா. இது அதில் பாதிதான். அண்ணன், அண்ணனை, அண்ணனுக்கு, அண்ணனுடைய என்று நாம் சொல்லின் வாலை மாற்றுகிறோம். அவர்கள் பெரும்பாலும் முன்னால் நிற்கும் சிறு சொல்லை மாற்றுகிறார்கள்: டேர் புரூடர், டேன் புரூடர், டேம் புரூடர், டெஸ் புரூடர்ஸ்.

நம் 'கு' உருபும் பல இடங்களில் அப்படியே கைகொடுக்கும். அண்ணனுக்கு உதவுகிறேன்: 'இஷ் ஹெல்ஃப மைனம் புரூடர்'. அம்மாவுக்கு நன்றி சொல்கிறேன்: 'இஷ் டாங்க மைனர் முட்டர்'. 'எனக்குக் குளிருது' என்பதற்கு 'மீர் இஸ்ட் கால்ட்'. இங்கே 'மீர்' என்பது நம் 'எனக்கு'தான். ஆங்கிலம் வழியாகப் போனால் இது பிடிபடாது, தமிழ் வழியாகப் போனால் உடனே விளங்கும். விதிவிலக்கும் உண்டு. நாம் அண்ணனிடம் கேட்கிறோம், அவர்கள் அண்ணனைக் கேட்கிறார்கள்: 'இஷ் ஃபிராக மைனன் புரூடர்'. ஆகவே வினைச்சொல்லை மட்டும் தனியாகப் பாடமாக்காமல், ஓர் உறவுக்காரரையும் சேர்த்து ஒரு வாக்கியமாகவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருமே 'ஓங்கெல்' தானா? கேட்கவே பொறுக்கவில்லை.
- ஒரு தாய்மாமன், அப்புத்தளை

ப: உங்கள் கோபம் நியாயமானது. ஒரு காலத்தில் அவர்களும் உங்களுக்குத் தனி மரியாதை வைத்திருந்தார்கள். தாய்மாமனுக்கு 'ஓஹைம்', அப்பாவின் சகோதரனுக்கு 'ஃபெட்டர்', அத்தைக்கு 'பாஸ', அம்மாவின் சகோதரிக்கு 'மூம' என்று நான்கு சொற்கள் இருந்தன. பிரெஞ்சிலிருந்து வந்த ஓங்கெலும் டாண்டவும் அந்த நான்கையும் ஓரங்கட்டிவிட்டன. இன்று தாய்மாமன்தான் என்று காட்ட வேண்டுமானால் 'டேர் புரூடர் மைனர் முட்டர்', அதாவது என் அம்மாவின் சகோதரர் என்று விரித்துச் சொல்லுங்கள். ஆறாம் வேற்றுமைப் பாடமும் அதோடு முடிந்துவிடும்.

கே: அப்பாயியை 'டூ' என்று ஒருமையில் கூப்பிடலாமா?
- சுற்றுலா வழிகாட்டி, எல்ல

ப: ஜெர்மன் மொழியில் கட்டாயம் கூப்பிட வேண்டும். அங்கே 'டூ' நெருக்கத்துக்கு, 'ஸீ' அறிமுகமில்லாதவருக்கும் அலுவலகத்துக்கும். பாட்டியை (அவர்களுக்கு 'ஓமா') 'ஸீ' என்றால் மனத்தாங்கல் வந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் பயணிகளை மட்டும் 'ஸீ' என்றே அழையுங்கள்.

கே: சிறுமி என்ற 'மேட்ஷன்' எப்படி அஃறிணை ஆனது?
- ஒரு மாணவி, தெமோதர

ப: 'ஷன்' என்ற செல்ல விகுதி ஒட்டினால் எல்லாமே அஃறிணைக்குரிய 'டாஸ்' ஆகிவிடும். தம்பியைக் கொஞ்சினால் அவனும் 'டாஸ் புரூடர்ஷன்'தான். குழந்தையும் 'டாஸ் கிண்ட்'. நாமும் 'குழந்தை அழுகிறது' என்றுதானே சொல்கிறோம்! பிள்ளையின் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் 'அழுகிறாள்' என்று மாற்றிவிடுவதில்லை. இது இலக்கணப் பால், அவ்வளவுதான்.

கே: 2014 ஒக்டோபர் 29 மண்சரிவில் எங்கள் அண்ணன் போய்விட்டார். 'கெஷ்விஸ்டர் இருக்கிறார்களா' என்று யாராவது கேட்டால் அவரைச் சேர்ப்பதா, விடுவதா?
- ஒரு தங்கை, மீரியபெத்த

ப: சேர்த்துக்கொள்ளுங்கள், தங்கச்சி. கூடப்பிறந்தது இல்லையென்று ஆகிவிடாது. 'இஷ் ஹாப ட்ஸ்வை கெஷ்விஸ்டர். மைன் புரூடர் லேப்ட் நிஷ்ட் மேர்.' எனக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு பேர், அண்ணன் இப்போது உயிரோடு இல்லை என்று பொருள். ஆண்டையும் சொல்ல விரும்பினால் 'மைன் புரூடர் இஸ்ட் 2014 கெஷ்டோர்பன்'. இறத்தல் என்ற வினைக்கு 'ஹாட்' வராது, 'இஸ்ட்' தான் வரும். கேட்டவர் 'மைன் பைலைட்' என்றால் அது அனுதாபம். 'டாங்க' என்றால் போதும்.

பரீட்சையை நினைத்தும் தயங்க வேண்டாம். முதல்நிலைப் (ஏ1) பரீட்சையில் தன்னறிமுகத்துக்குத் தரும் குறிப்புகள் பெயர், வயது, நாடு, வசிக்கும் ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு ஆகியவைதான். குடும்பம் அதில் இல்லை. அடுத்த பகுதியில் குடும்பம் என்ற தலைப்பு வந்தாலும், கேட்கப்போகிறவர் உங்களைப் போலப் பரீட்சை எழுத வந்த இன்னொருவர்தான். ஒரு வரியில் முடித்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. புள்ளி மொழிக்குத்தான். துயரத்தை விளக்கிக்காட்ட வேண்டிய கடன் யாரிடமும் உங்களுக்கு இல்லை.

கே: அம்மா கொழுந்து எடுக்கிறார். வகுப்பில் அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.
- ஒரு மகள், ஹாலிஎல

ப: நிமிர்ந்து சொல்லுங்கள்: 'மைன முட்டர் இஸ்ட் டேபிளுக்கரின்.' தொழிலின் பெயருக்கு முன்னால் 'ஐன' போடக்கூடாது. டாக்டராக இருந்தாலும் அதே விதிதான், இலக்கணம் இருவரையும் சமமாகவே நிறுத்துகிறது. ஜெர்மனியின் வடமேற்கில் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஓர் ஆள் ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிறார். கொழுந்து எடுப்பவரின் மகளுக்கு அந்த ஊரில் தலைகுனிய என்ன இருக்கிறது?

கே: நம் பகுதியில் ஜெர்மன்காரர் எவராவது இருந்ததுண்டா?
- ஒரு வாசகர், தியத்தலாவை

ப: உங்கள் ஊரிலேயே இருந்தார்கள், ஆனால் கைதிகளாக. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இலங்கையில் இருந்த ஜெர்மன்காரர்களை ஆங்கிலேயர் தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள். ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து பௌத்த பிக்குவான ஞானபோனிக்க தேரரும் அவர்களில் ஒருவர். நாஜிகளிடமிருந்து தப்பிய அவருடைய தாயார் 1939இல்தான் மகனைத் தேடி இலங்கைக்கு வந்திருந்தார். மகன் முகாமிலும் தாய் வெளியிலுமாகப் பிரிய நேர்ந்தது. தேரர் அங்கிருந்து இந்தியாவின் டேராடூனுக்கு மாற்றப்பட்டு, போர் முடிந்த பிறகே விடுதலையானார். அடைபட்டிருந்த அந்தக் காலத்திலும் பாளி நூல்களை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

கே: கணவர் ஜெர்மனியில். விசாவுக்கு ஏ1 சான்றிதழ் வேண்டும். பணம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, பண்டாரவளை

ப: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அக்கா. பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் பணத்தோடு விசாவும் போய்விடும். வாழ்க்கைத்துணையாகச் செல்பவருக்கு ஆரம்ப ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று 2007இல் அவர்கள் சட்டம் கொண்டுவந்தார்கள். கொழும்பு கோத்தே நிறுவனத்தில் படிக்கலாம், பரீட்சையும் எழுதலாம். நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி.

படிக்க முடியுமா என்று மலைக்காதீர்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் படித்தார். பத்தே ஆண்டில் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. உங்களுக்கு இலக்கண நூல் எழுதும் வேலையெல்லாம் இல்லை. இன்றைக்கே வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: அவர் யார், அவரை என்ன செய்கிறீர்கள், அவருக்கு என்ன செய்கிறீர்கள். பரீட்சையில் எழுத்துக்கூட்டவும் சொல்வார்கள் என்பதால் பெயரையும் ஊரையும் ஜெர்மன் எழுத்து ஒலியில் பழகிக்கொள்ளுங்கள். அங்கே ஆங்கில 'ஈ' எழுத்து 'ஏ' என்றும், 'ஐ' எழுத்து 'ஈ' என்றும் ஒலிக்கும். நம்மவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இந்த இரண்டில்தான்.