காரின் புறப்பிளாஸ்டிக்: மூலபாடமும் இடைச்செருகலும்

காரின் வெளிப்புறப் பிளாஸ்டிக் பாகங்கள் மூவகைப்படும்: பெயிண்ட் அடித்தவை, அடிக்காதவை, ஒளி புகுபவை. பம்பர் முதல்வகை. சக்கர வளைவைச் சுற்றி ஓடும் கறுப்புக் கிளாடிங் இரண்டாம் வகை. ஹெட்லைட் மூன்றாம் வகை. குரோம் பூசிய கிரில் இவற்றுள் அடங்காது. அது உரிந்தால் உரிந்ததுதான்.

சீர்செய்யுமுன் பாகத்தின் குலமறிதல் வேண்டும். ஐஎஸ்ஓ 11469 வகுத்த முறைப்படி பம்பரின் உட்புறத்தில் ‘பிபி + இபிடிஎம் – டி20’ என்பது போன்ற எழுத்துப் பொறிப்பு இருக்கும். பாலிப்ரொப்பிலீன், அதனுடன் கலந்த ரப்பர், 20 விழுக்காடு டால்க் தூள் என்பது அதன் பொழிப்புரை. இக்கல்வெட்டைப் படிக்கப் பம்பரைக் கழற்ற வேண்டும். சுவடியைக் கண்ணால் பாராமலே பதிப்புரை எழுதியோர் நாட்டில் உண்டாதலின், பம்பரைக் கழற்றாமலே பெயிண்ட் அடிப்போரைத் தனியே குறைகூறுவதற்கில்லை.

பொறிப்பு தேய்ந்துபோனால் ஒரு சில்லை நீரிலிட்டுப் பார்ப்பது பக்கெட் மரபு. கலப்பற்ற பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் என்னும் மற்றொரு பிளாஸ்டிக் மூழ்கும். ஆனால் டால்க் மிகுந்தால் பாலிப்ரொப்பிலீனும் மூழ்கிவிடும். ஆகவே இச்சோதனை ஐயமற நிறுவுவது, வீட்டில் பக்கெட் இருக்கிறது என்பதை மட்டுமே.

இனி வெளுத்தல். வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பின் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கிறது. மேல்தோல் பொடிந்து ஒளியைச் சிதறடிக்க, கறுப்புக் கிளாடிங் சாம்பலாகத் தெரிகிறது. இதற்கு எண்ணெய் பூசுதலே மருந்து என்பது ஆழ வேரூன்றிய கொள்கை (மைத்துனர், வாய்மொழி). எந்த எண்ணெய் என்பதில்தான் பிளவு. தேங்காய் எண்ணெய்ப் பள்ளி மிகத் தொன்மையானது. அதற்கு ஆதார நூல் ஒன்றுகூட இல்லை, நூல் கிடைக்காமையே தொன்மைக்குச் சான்று என்பது ஆய்வுலகம் ஏற்ற நெறி (அதே மைத்துனர், மாடிப்படியில் நின்று கூறியது). பழைய என்ஜின் ஆயில் பள்ளி பிற்காலத்தது, கார் நிறுத்துமிடத்துச் சுவரில் அப்பள்ளியினர் விட்டுச்சென்ற கைத்தடங்களைக் கொண்டு காலம் கணிக்கப்படுகிறது (மைத்துனரின் நண்பர், மைத்துனர் வழிக் கேட்டது, காபிக்கு முன் ஒரு பாடம், காபிக்குப் பின் ஒரு பாடம், பின்னதே செம்பாடம்). நல்லெண்ணெய்ப் பள்ளி சனிக்கிழமைகளில் மட்டும் இயங்கியதாகத் தெரிகிறது (மைத்துனரின் நண்பருடைய பக்கத்து வீட்டார், சிதைந்த கூற்று, முதற்பகுதி மிக்சி ஓசையில் கடல்கொள்ளப்பட்டது, எஞ்சிய ‘தேய்க்கணும்’ என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து கொள்கை முழுவதும் மீட்டுருவாக்கம் செய்யப்பட்டது). இம்மூன்று பள்ளிகளும் ஒரே பள்ளியின் கிளைகளே என்று நிறுவ ஒரு முனைவர் பட்டத்துக்கும், அல்ல என்று மறுக்க இன்னொன்றுக்கும் தாராளமாக இடமுண்டு.

எண்ணெய் செய்வது இவ்வளவே: நுண்ணிய சொரசொரப்புகளை நிரப்பி ஒளிச் சிதறலைத் தடுக்கிறது. அதனால் கறுப்பு மீள்கிறது. கூடவே தெருப்புழுதியும் வந்து ஒட்டுகிறது. அடுத்த மழையில் இரண்டும் போகின்றன. ஹீட் கன் காட்டினால் மேல்தோல் இளகிக் கறுப்பு சில மாதம் நிற்கும். ஒரே இடத்தில் காட்டினால் கிளாடிங் நெளிந்துவிடும், அது நிரந்தரமாக நிற்கும். நன்றாகக் கழுவிக் காயவைத்து, கறுப்புச் சாயம் கலந்த டிரிம் கோட்டிங் பூசுவதே இவற்றுள் நீடிப்பது. இதை எந்தப் பள்ளியும் ஏற்கவில்லை.

விரிசலைப் பொறுத்தவரை குலமறிவு இங்கே கைகொடுக்கும். ஏபிஎஸ் அசிட்டோனில் கரையும். அதே பிளாஸ்டிக்கின் துகளைக் கரைத்துக் குழம்பாக்கி விரிசலில் இடலாம். பாலிப்ரொப்பிலீனிடம் அசிட்டோன் செல்லாது, சாதாரணப் பசையும் ஒட்டாது. பின்புறத்தில் சூடேற்றிய ஸ்டீல் பின்களைப் பதித்து, பாலிப்ரொப்பிலீன் குச்சியாலேயே வெல்டிங் வைக்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது.

பற்றவைத்த இடத்தைச் சமன்செய்யப் பட்டி இடுவர். பதிப்பியலார் இடைச்செருகல் என்று இகழ்வது இதையே. தகரத்துக்கான பட்டி விறைப்பானது. வளையும் பம்பரில் அது வெடித்து, தான் பிற்காலத்தது என்று தானே காட்டிக்கொடுத்துவிடும். பம்பருக்கென்று விற்கும் இளகு பட்டியோ மூலபாடத்தோடு இரண்டறக் கலக்கும். பட்டி காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்க்கையில் வெள்ளி, அதன்கீழ் சிவப்பு, அதன்கீழ் பிரைமர் என்று அடுக்குகள் வெளிப்படலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவருக்கு விற்றவரின் வாய்மொழியைவிட நம்பகமான வரலாறு இதுவே.

பெயிண்ட் உரிவதற்குப் பெரும்பாலும் பெயிண்ட் காரணமன்று. பாலிப்ரொப்பிலீனின் மேற்பரப்பு எதையும் எளிதில் பற்றவிடாது. வெற்றுப் பிளாஸ்டிக் தெரியும் இடங்களில் முதலில் ஒட்டுதல் பிரைமர் மெல்லியதாக அடிக்க வேண்டும். எண்ணெய்ப் பள்ளியாரின் கைபட்ட காரில் இன்னொரு வேலையும் உண்டு: எண்ணெயோ சிலிக்கான் பாலிஷோ துளி மிஞ்சியிருந்தாலும் பெயிண்ட் ஒதுங்கிக் குழிகுழியாக நிற்கும். ஆகவே தேய்ப்பதற்கு முன்பே சால்வென்ட் கொண்டு துடைத்துவிடுதல் முறை. துடைக்காமல் தேய்ப்பது எண்ணெயைக் கீறல்களுக்குள் செலுத்துவதாகும்.

ஹெட்லைட் பாலிகார்பனேட்டால் ஆனது. அதன்மேல் உள்ள காப்புப் பூச்சு வெயிலில் கெட்டு மஞ்சளாகிறது. பற்பசையால் தேய்ப்போர் உண்டு. பளிச்சென்று ஆவதும் உண்மை. 1000, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர்களால் முறையாகத் தேய்த்தாலும் பற்பசையால் தேய்த்தாலும், புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சைப் புதிதாக அடிக்காவிட்டால் மஞ்சள் திரும்பிவிடும்.

பம்பரை உடலோடு பிணைக்கும் காதுகள் ஒடிந்து, துண்டும் தொலைந்திருந்தால் மேற்கூறிய எதுவும் பயன்படாது. சென்னைவாசிகள் புதுப்பேட்டைக்குப் போகலாம். பழைய பம்பர் கிடைத்துவிடும், கேட்ட நிறத்தில் கிடைப்பது அரிது. கிளம்புமுன் காரில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலுள்ள பெயிண்ட் கோடு எண்ணைக் குறித்துக்கொள்க.