பைக்குள் கைவிட அனுமதி கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
அமெரிக்கப் பள்ளி வாரியங்களுக்குப் பாதுகாப்பு ஒப்பந்தம் எழுதித் தரும் சட்ட ஆலோசகர் பெருமக்கள்

பொருள்: அச்சுறுத்தல் மதிப்பீட்டுப் பிரிவில் ஒரே ஒரு வரி சேர்ப்பது தொடர்பாக

மேன்மை தங்கிய ஐயன்மீர், அம்மணியீர்,

தங்கள் எழுத்தின் ரசிகன் நான். பள்ளி வாரியமும் காவல் துறையும் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தமானாலும் சரி, ஆசிரியர் கையேட்டின் கடைசியில் வரும் பாதுகாப்பு இணைப்பானாலும் சரி, தங்கள் நடையை இரண்டே வரியில் கண்டுபிடித்துவிடுவேன். ‘தகவல் தெரிவிக்கப்படும். குழு கூட்டப்படும். அச்சுறுத்தல் மதிப்பிடப்படும்.’ யார் தெரிவிப்பார், யார் கூட்டுவார், அதுவரை துப்பாக்கி யார் கையில் இருக்கும் என்ற அற்ப விவரங்களால் அந்த நடையின் கம்பீரம் எங்கும் கெடுவதில்லை.

வர்ஜீனியா மாநிலத்தை எடுத்துக்கொள்கிறேன். 2007இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பிறகு, இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடியாக நின்ற மாநிலம் அது. எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு வேண்டும் என்று 2013இல் சட்டம் செய்தது. மனநல ஆலோசனை, கற்பித்தல், நிர்வாகம், சட்ட அமலாக்கம் ஆகிய நான்கு துறைகளிலும் தேர்ந்தவர்கள் குழுவில் இருக்க வேண்டும். பள்ளியில் காவலர் பணியாற்றினால் அதற்கொரு ஒப்பந்தம். இரண்டாண்டுக்கு ஒருமுறை அதற்கொரு மறுபரிசீலனை. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

அந்தச் சட்டத்துக்குப் பத்து வயதாகும் ஆண்டின் தொடக்கத்தில், 2023 ஜனவரி 6 அன்று, நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் ரிச்நெக் தொடக்கப் பள்ளியில் நடந்தது தங்களுக்குத் தெரிந்ததே. ஆனாலும் பிறகு ஆசிரியை தொடுத்த வழக்கின் மனு தரும் நேரக் கணக்கை இங்கே எழுதுகிறேன்; ஒப்பந்தங்களில் நேரம் என்ற ஒன்று வருவதே இல்லை.

பகல் பதினொன்றேகால் மணி வாக்கில் முதல் வகுப்பு ஆசிரியை துணைத் தலைமையாசிரியரிடம் போகிறார். தன் வகுப்புப் பையன் ஒருவன் இன்று ஒரு மாதிரியாக இருக்கிறான், மழலையர் வகுப்புப் பிள்ளை ஒன்றை அடிப்பேன் என்கிறான் என்று சொல்கிறார். சற்று நேரத்தில் இரண்டு குழந்தைகள், அவன் பையில் துப்பாக்கி இருக்கிறது என்று இன்னோர் ஆசிரியையிடம் சொல்கின்றன. பன்னிரண்டரை மணிக்குப் பையைக் குடைந்து பார்க்கிறார்கள். இல்லை. விளையாடப் போகும்போது கால்சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றியிருப்பான் என்று மேலிடத்துக்குச் செய்தி போகிறது. அவன் பாக்கெட் அவ்வளவு பெரிதில்லையே என்று பதில் வருகிறது. ஒரு மணிக்கு மேல் வேறொரு சிறுவன் அழுதபடி வந்து, துப்பாக்கியை எனக்குக் காட்டினான் என்கிறான். பையனைத் தடவிப் பார்க்கட்டுமா என்று நான்காவதாக ஒருவர் அனுமதி கேட்கிறார். அவன் அம்மா அழைத்துப்போக வந்துவிடுவார், பொறுங்கள் என்கிறார்கள்.

பொறுத்தார்கள். இரண்டு மணி வாக்கில் ஆறு வயதுப் பையன் சுட்டான். ஆசிரியையின் கையைத் துளைத்த குண்டு நெஞ்சில் பாய்ந்தது. அந்த நிலையிலும் அவர் பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியேற்றினார். உயிரும் பிழைத்தார்.

பாக்கெட்டின் அளவை வைத்து ஆபத்தை அளக்கும் முறை எந்தப் பயிற்சி ஏட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை. குழுவில் நான்கு துறையினர் போதாது, ஒரு தையல்காரரையும் சேர்த்திருக்கலாம்.

அதன்பின் நடந்ததில்தான் தங்கள் திறமை முழுதாக ஒளிர்ந்தது. ஆசிரியை வழக்குப் போட்டதும் வாரியத் தரப்பு நீதிமன்றத்தில் என்ன சொன்னது? இது பணியிடக் காயம், தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டத்தில் வருவது, வழக்குச் செல்லாது. சாரத்திலிருந்து கொத்தனார் தவறி விழுவதைப்போல, முதல் வகுப்பு ஆசிரியையின் மேல் குண்டு பாய்வதும் தொழிலோடு கூடப் பிறந்த ஆபத்து! கற்பித்தலின் மீது இத்தனை மரியாதை வைத்த வாதத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. நீதிபதி அதை ஏற்கவில்லை. 2025 நவம்பரில் ஜூரிகள், முன்னாள் துணைத் தலைமையாசிரியர் ஆசிரியைக்கு ஒரு கோடி டாலர் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள்.

மிச்சிகனுக்கு வருகிறேன். 2021 நவம்பர் 30, ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளி. முந்தைய நாள் மாணவன் ஒருவன் கைபேசியில் தோட்டா தேடுவதை ஆசிரியர் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை கணக்குத் தாளில் துப்பாக்கியும் ரத்தமும் வரைந்து, உதவி கேட்டும் எழுதியிருக்கிறான். பெற்றோரை வரவழைத்தார்கள். பேசினார்கள். பெற்றோர் வேலைக்குத் திரும்பினார்கள், மாணவன் வகுப்புக்குத் திரும்பினான், அவனுடைய பையும் அவனோடு திரும்பியது. அதை யாரும் திறக்கவில்லை. அவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் கொள்கை வாரியத்தின் ஏட்டில் பத்திரமாக இருந்தது. குழு மட்டும் கூடவில்லை. அரசு அமைப்புகளுக்குரிய சட்டப் பாதுகாப்பின்படி பள்ளி மாவட்டத்தின் மேல் வழக்கு நிற்காது என்று மாநில நீதிமன்றம் பிறகு சொல்லிவிட்டது. ஏடும் பத்திரம், ஏட்டுக்கு உரியவர்களும் பத்திரம்.

பிள்ளைகளின் பையைத் திறக்கச் சட்டம் இடம் தராதே என்று தாங்கள் தொண்டையைச் செருமுவது கேட்கிறது. நியூ ஜெர்சியில் 1980இல் கழிப்பறையில் புகைபிடித்துப் பிடிபட்ட பதினான்கு வயதுப் பெண்ணின் கைப்பையைத் திறந்து பார்த்தவர் யார்? ஒரு துணை முதல்வர்தான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், பள்ளி நிர்வாகிகளுக்குப் பிடியாணை எதுவும் வேண்டாம் என்று 1985இல் தீர்ப்பு வந்தது. சிகரெட்டுக்கே அந்தச் சலுகை. சாமி வரம் கொடுத்து நாற்பது ஆண்டாகிறது. தங்கள் ஒப்பந்தத்துப் பூசாரிதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எங்குமே பை திறக்கப்படுவதில்லை என்று அபாண்டம் சொல்ல மாட்டேன். டென்னசி மாநிலம் பள்ளியில் கூட்டக் கொலை மிரட்டல் விடுப்பதை 2024இல் கொடுங்குற்றமாக்கியது. அந்த ஆண்டே, ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், என் பையைப் பார்த்தால் பள்ளி வெடித்துவிடும் என்று சொன்னான். அங்கே உடனே திறந்தார்கள். உள்ளே ஒரு துணி முயல் பொம்மை. முயல் நிரபராதி என்று தெரிந்த பிறகும் சிறுவனைக் கைது செய்தார்கள்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், அச்சுறுத்தல் மதிப்பீட்டின் மூலச் சரக்கு நல்ல சரக்கு. 1999 கொலம்பைன் படுகொலைக்குப் பிறகு அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தன. தாக்குகிறவனுக்கென்று தனி முகஜாடை கிடையாது என்றது அது. ஐந்தில் நான்கு சம்பவங்களில் யாராவது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது என்றும் சொன்னது. வர்ஜீனியாவில் டூயி கார்னல் உருவாக்கிய முறையோ, கோபத்தில் வாய் தவறி வருவதையும் நிஜமாகவே செய்யத் துணிந்ததையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. பிள்ளையை விரட்டாமல் காப்பாற்றுவதற்கான முறை அது. முயல் வைத்திருந்தவனுக்கும் தாளில் உதவி கேட்டவனுக்கும் அது பயன்பட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒன்றைப் படிவமாக மடித்து, கையெழுத்து வாங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டியது தாங்கள்.

தங்கள் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. கைவிட்டுத் தேடியவர் மேல் பெற்றோர் புகார் தரலாம். காத்திருந்தவருக்கு நடைமுறையைப் பின்பற்றினேன் என்ற பதில் கையில் இருக்கிறது. அதனால் தங்கள் ஒப்பந்தம் கூட்டத்துக்கு ஆள் போடுகிறது, கூட்டம் கூடும்வரை செயல்பட ஆள் போடுவதில்லை. ரிச்நெக்கில் எச்சரித்தவர்கள் எல்லாரும் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் இருந்தார்கள். அனுமதி தர வேண்டியவர் அந்தப் பையன் விளையாடிய திடலில் இல்லை.

ஆகவே அடுத்த மறுபரிசீலனையில் இந்த வரியைச் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஒரு மாணவரிடம் ஆயுதம் இருப்பதாக ஒரு குழந்தை சொன்னால், அதைக் கேட்ட ஊழியர், எவர் அனுமதிக்கும் காத்திராமல், அந்த மாணவரைத் தனியே அழைத்துச் சென்று அவர் பையையும் உடையையும் சோதிப்பார்; அந்த ஊழியர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது.’ கடைசியில் மட்டும் தங்கள் நடையிலேயே எழுதியிருக்கிறேன், அன்னியமாகத் தோன்ற வேண்டாம் என்று.

இந்த வரி மிகவும் தெளிவாக இருக்கிறது என்ற காரணத்தால் ஏற்க முடியாமல் போனால், மாற்று யோசனை ஒன்றும் உண்டு. குழுவில் முதல் வகுப்பு மாணவர்கள் இருவருக்கு இடம் கொடுங்கள். அன்று ரிச்நெக்கில் ஆபத்தைச் சரியாக மதிப்பிட்டு, உரிய நேரத்தில், உரியவர்களிடம் தெரிவித்தவர்களில் அந்த வயதினர் மூவர். பயணப்படி கேட்க மாட்டார்கள். கூட்டக் குறிப்பில் பெயரைப் பெரிய எழுத்தில், கோட்டுக்கு வெளியே எழுதுவார்கள், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தை மட்டும் விளையாட்டு நேரத்துக்கு முன்பே வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பிரிவுகளையும் உட்பிரிவுகளையும் விடாமல் படிக்கும்
ஒரு வாசகன்