மாநிறத்துக்கு எது எடுப்பு?

உடம்பின் நிறத்துக்கு எடுப்பான துணியைத் தேர்வதில் முதல் தடங்கல், உடம்பின் நிறம் இன்னதென்று ஒப்புக்கொள்வது. தமிழில் அதற்கு வழங்கும் சொற்கள் சிவப்பு, மாநிறம், புதுநிறம், கருப்பு. இதில் சிவப்பு என்றால் வெளுப்பு. புதுநிறம் எது என்று, சொன்னவரும் விளக்கியதில்லை. மாந்தளிரின் நிறத்தை மாமை என்று சங்கப் புலவர்கள் கொண்டாடினார்கள்; இன்றைய மாநிறமோ, வரன் விளம்பரத்தில் கருப்பு என்று எழுதக் கை வராதவர்களின் சொல்.

தோலுக்கு நிறம் தருவது மெலனின். வெயில் பட்டால் தோல் சிவந்து வேகிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் தொடங்கிய பகுப்பு, இன்று ஆறு வகையாக நிற்கிறது. திருச்சி காட்டூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் தினமும் பைக்கில் பெல் ஆலைக்குப் போய்வருபவரிடம் ஒரே உடம்பில் இரண்டு நிறம் காணலாம்: அரைக்கைச் சட்டைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

1980இல் வந்த 'கலர் மீ பியூட்டிஃபுல்' நூலில் கரோல் ஜாக்சன் மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி நிறங்களை ஒதுக்கினார். திருச்சிப் பக்கம் வசந்தம் என்பது ஸ்ரீரங்கத்தில் நடக்கும் உற்சவத்தின் பெயர். இலையுதிர்காலம் பாடப்புத்தகத்தோடு சரி. கருங்கூந்தலும் கருவிழியும் கொண்ட ஆசியரில் பெரும்பாலோரை அந்நூல் குளிர்காலத்தில் சேர்த்துவிட்டது. ஆகவே கத்திரி வெயிலிலும் காட்டூர் முழுக்கக் குளிர்காலம்தான். மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் தோலின் அடிச்சாயல் மஞ்சள், நீலமாகத் தெரிந்தால் ரோஜா என்றொரு சோதனையும் உண்டு. மாநிறக் கையில் இரண்டும் தெரியும். சில கைகளில் ஒன்றுமே தெரியாது. வெகுநேரம் மணிக்கட்டையே உற்றுப் பார்த்தால், "என்னப்பா, படபடப்பா இருக்கா?" என்று வீட்டில் கேட்பார்கள்.

உருப்படியான விளக்கம் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் தந்தது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. கருப்புச் சாயம் சரியில்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குற்றமில்லை, பக்கத்து நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று கண்டுபிடித்து, 1839இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளும். பச்சைக்கு அருகே முகம் சற்றுச் சிவந்து தெரிவது அதனால்தான். துணியும் தோலும் ஒரே சாயலாக இருந்தால் தள்ள ஆளில்லை, இரண்டும் சேர்ந்து மங்கும். இதை எழுதுபவர் டீ கலர் சட்டையில் எடுத்துக்கொண்ட பாஸ்போர்ட் சைஸ் படத்தில் கழுத்து எங்கே முடிகிறது, காலர் எங்கே தொடங்குகிறது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இந்த விதிக்கு நேர் எதிரானது குடும்பத்துச் சித்திகளின் சட்டம்: "கருப்புக்கு மஞ்சள் எடுக்காதுடி." காட்டூரில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் நிலையத்தில் மாறினால் ஸ்ரீரங்கம். அங்கே பள்ளிகொண்ட மூலவர் சுதைத் திருமேனி. தைலக்காப்பு சாத்திச் சாத்திக் கருமை மின்னும். திருமாலுக்கு உரிய உடை பீதாம்பரம், அதாவது மஞ்சள் பட்டு. எடுக்கவில்லை என்று எந்தச் சித்தியும் அங்கே சொன்னதில்லை. மணிக்கணக்கில் வரிசையில் நின்றல்லவா பார்த்துவிட்டு வருகிறார்கள்! கருத்த தோலுக்கு எடுக்காதது மஞ்சள் அல்ல, தண்ணீர் கலந்த மஞ்சள். மாம்பழ மஞ்சள், அரக்கு, ராமர் பச்சை, வாடாமல்லி போன்ற அழுத்தமான நிறங்கள் மாநிறத்தையும் கருப்பையும் தூக்கிக் காட்டும். சாம்பல் பூத்த வெளிர் நிறங்கள் முகத்திலும் சாம்பலைப் பூசும். முடிவெடுக்க முடியாதவருக்கு மயில் கழுத்து இருக்கிறது: பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திரும்பும் பக்கமெல்லாம் வேறு சேலை.

கடைசித் தடங்கல் வெளிச்சம். பெரிய கடை வீதியிலும் என்.எஸ்.பி. சாலையிலும் கடைக்குள் எரியும் விளக்குகளின் கீழ் எல்லாச் சேலையும் கல்யாணச் சேலைதான். தோளில் ஒரு மடிப்பைப் போட்டு, "உங்களுக்கு அப்படியே தூக்குதுக்கா" என்பார் கடைப்பையன். அதே வாக்கியத்தை அடுத்த சேலைக்கும் சொல்வார். வேறு வேறு சாயத்தில் தோய்ந்த இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒன்றுபோலவும் இன்னொன்றில் வேறாகவும் தெரிவதுண்டு. கடையில் கச்சிதமாகப் பொருந்திய மேட்சிங் பிளவுஸ் துணி, காட்டூர் வாசல் திண்ணைக்கு வந்ததும் சேலையோடு சண்டை போடுவது இதனால்தான். தையல்காரர் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

ஆகவே துணியை வாசல்வரை கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் தாடைக்குக் கீழே பிடித்து, துணியைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் தூக்கலாகத் தெரிந்தால் அந்த நிறம் வேண்டாம். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். அதிலும் விலையைக் கேட்டபின் சொல்லும் கருத்து சேர்த்தி இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வாசல்வரை போக இடம் கிடைக்காது. ஆவணியிலேயே போய்விடுவது நல்லது.