உயிர்க்கோடு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கல் விழா என்றால் கோலப் போட்டி, உறியடி, லெமன் ஸ்பூன். இந்த ஆண்டு இளைஞர் அணி, அதாவது பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகனும் அவன் கூட்டாளிகளும், இ-ஸ்போர்ட்ஸ் வேண்டும் என்று கொடி பிடித்தார்கள். எந்த கேம் என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரணம் என் அறிவு அல்ல. சங்கக் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன்.

முதலில் பிஜிஎம்ஐ. 100 பேர் வரை ஒரு தீவில் குதித்து, கடைசி வரை மிஞ்சும் அணி ஜெயிக்கும். இது எங்கள் வளாகத்தில் தண்ணீர் லாரி வரும் காலைகளில் இலவசமாகவே நடக்கிறது. தவிர, 2022-இல் அரசு உத்தரவால் நீக்கப்பட்டு 2023-இல் திரும்பி வந்த கேம் அது என்று மகன் சொன்னதும், ஓய்வுபெற்ற தாசில்தாரான சங்கத் தலைவர் 'நீக்கம்' என்ற சொல்லோடு கோப்பை மூடிவிட்டார்.

வேலரன்ட்? அணிக்கு 5 பேர், ஆகவே 10 கணினி. ஹாலில் இருப்பதோ இரண்டு பிளக் பாயிண்ட். அதில் ஒன்று ஷாக் அடிக்கும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்? அதில் 150-க்கும் மேற்பட்ட வீரர்கள். மகன் ஒவ்வொருவராக விளக்கத் தொடங்கினான். ஏழாவது வீரரிலேயே நான் குறட்டை விட்டதாக என் மனைவி சாட்சி சொல்கிறாள்.

கடைசியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர். இரண்டே பேர், ஒரு டிவி. ஒரு சுற்றுக்கு 99 நொடி. மூன்றில் இரண்டு ஜெயித்தால் போதும். திரையின் உச்சியில் ஆளுக்கொரு உயிர்க்கோடு, அடி வாங்க வாங்கத் தேயும். "கோலம் போட வந்த பாட்டிக்குக்கூட யார் தோற்கிறார் என்று புரியும் சார்!" என்று கூட்டத்தில் முழங்கினேன். கைதட்டினார்கள்.

உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் தங்கத்தை வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44. எனக்கு 46. இரண்டு வயதில் என்ன குறைந்துவிடப்போகிறது? சின்ன வயதில் அரிசி வாங்கக் கொடுத்த காசின் சில்லறையை வீடியோ கேம் கடையில் கரைத்தவன் நான். கீழே, சாய்வு, முன்னே, குத்து: அந்த கேமின் வீரன் ரியூவின் கையிலிருந்து நெருப்புருண்டை கிளம்பும். பத்து தடவைக்கு ஒரு தடவை.

போட்டியன்று எனக்கு எதிராக மூன்றாம் மாடிச் சிறுமி, வயது 9. குழந்தையாயிற்றே, கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடலாம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் சுற்றில் முக்கால் பங்கு அபாரமாகவே ஆடினேன். பிறகுதான் தெரிந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய ஆளை. இரண்டாம் சுற்றில் கீழே, சாய்வு, முன்னே என்று அழுத்தினேன். நெருப்பு வரவில்லை, ரியூ தோப்புக்கரணம் போட்டான்.

முன்வரிசையிலிருந்து கோலப் பாட்டியின் குரல் கணீரென்று வந்தது: "இடது பக்கக் கோடு நம்ம தம்பியோடதுதானே? சுத்தமா காலி!"

யாருக்கும் புரியாமல் தோற்க வசதியான கேம்கள் எத்தனை இருந்தன!

வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தேன். மனைவி காபி டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க. கோடு கொஞ்சம் ஏறும்."