சிராய்ப்பிலக்கணம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மனிதத்தோல் படும் பாட்டை முறையாக வகுத்துரைப்பது இந்நூலின் நோக்கம். இதைக் கற்க உரியவர் யாரெனின், பிளாஸ்திரி ஒட்டிப் பிரித்தால் அதன் வடிவிலேயே சிவந்து தடித்துப்போகும் மென்தோலினர். எருமைத்தோல் வாய்த்தவர்கள் மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகலாம்.

சிராய்ப்பு முதற்கண் இருவகைப்படும்: புகழ்ச் சிராய்ப்பு, இகழ்ச் சிராய்ப்பு. நாலு பேரிடம் காட்டத் தக்கது முன்னது. கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று மறைப்பது பின்னது. காயத்தின் ஆழத்துக்கு இப்பகுப்பில் இடமில்லை என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க.

புகழ்ச் சிராய்ப்பில் தலையாயது வடச் சிராய்ப்பு. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர்வடம் பிடித்தவர் உள்ளங்கையில் தோன்றுவது. முரட்டு வடம் பிடியை விட்டு நழுவும்போது உராய்ந்து சூடேறித் தோலை உரிப்பதால் இது பாதி தீக்காயம். பெற்றவர் எளிதில் கட்டுப்போட மாட்டார்; கட்டினால் ஊருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது மலைச் சிராய்ப்பு. தாணிப்பாறை வழியே சதுரகிரி ஏறியவர், பெரும்பாலும் இறங்கும்போது, முழங்காலில் பெறுவது. மண்ணும் பொடிக்கல்லும் உள்ளே தங்குவது இதன் இயல்பு. அவற்றை அப்படியே விட்டால் புண் ஆறிய பின்னும் தோலுக்கடியில் கருநீலப் புள்ளியாக நிலைத்துவிடும். ஓடும் தண்ணீரில் பொறுமையாகக் கழுவி எடுப்பதே வழி.

இகழ்ச் சிராய்ப்பு எண்ணிறந்தது. சைடு ஸ்டாண்டு கணுக்காலில் அடித்தது, ஷேவிங் பிளேடு மோவாயில் இழுத்தது, அரிவாள்மனை விரலைத் தொட்டது எனப் பெருகும். ராஜபாளையத்து மாம்பழக் காலத்தில் மென்தோலினருக்கென்றே ஒரு கிளைவகை உண்டு: சப்பட்டையைக் காம்பு ஒடித்ததும் பீறிடும் பால் உதட்டோரம் பட்டுச் சுட்டுப் புண்ணாவது. கீறலே இல்லாமல் வரும் இதைச் சிராய்ப்பில் சேர்க்கலாமா என்பாருக்கு, எரிச்சல் ஒன்றே ஆகலின் சேர்க்கலாம் என்க.

இனி நகச் சிராய்ப்பு. 2005-இல் அஞ்சல்தலையில் ஏறிய நம்மூர் ராஜபாளையம் நாய், வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக, அன்பு மிகுந்து முன்னங்காலைத் தூக்கி வைக்கும். மணிக்கட்டில் மெல்லிய கோடு ஒன்று விழும், ரத்தம்கூடத் தெரியாது. மேற்சொன்ன பகுப்பின்படி இது இகழ்ச்சியிலும் கடைசி. ஆனால் வெறிநாய்க்கடி நோயைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் வேறு பகுப்பு வைத்திருக்கிறது, அதற்கு முன் இந்நூல் கைகட்டி நிற்கும். தொட்டதும், முழுத்தோலை நாய் நக்கியதும் முதல் வகை. ரத்தம் வராத கீறல் இரண்டாம் வகை. ரத்தம் கசிந்தால் மூன்றாம் வகை. இரண்டாம் வகைக்கே தடுப்பூசி உண்டு, மூன்றாவதற்கு அதோடு நோய் எதிர்ப்புப் புரத ஊசியும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அதற்கெல்லாம் முன்பாக சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். தோலினுள் போடும் முறையில் ஊசி நாட்கள் 0, 3, 7, 28. "நம்ம வீட்டு நாய்தானே" என்பது மருத்துவரிடம் சொல்லவேண்டிய தகவல், போகாமலிருக்கக் காரணமாகாது.

எஞ்சியது மருந்துச் சிராய்ப்பு. முன்னோர் யாரும் தனியே வகுக்காத இதுவே மென்தோலினரை அதிகம் வாட்டுவது. இதன் விதி: காயம் சிறுக்கச் சிறுக்க மருந்து பெருகும். விரல்நுனிக் கீறலுக்கு அத்தை காப்பித்தூள் கொண்டுவருவார், பெரியம்மா மஞ்சள்பொடி, பக்கத்து வீட்டார் சுண்ணாம்பு. படித்த மைத்துனர் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவார். வரப்போரத்து வெட்டுக்காயப்பூண்டைக் கசக்கிப் பிழிபவரும் உண்டு. அது பார்த்தீனியத்தின் குடும்பம் ஆதலால், பார்த்தீனியம் ஒவ்வாதவர் விலகி நிற்க. காயப்பொடிகளிலும் களிம்புகளிலும் இருக்கும் நியோமைசின் வேறு. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2010-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருள் என்ற பட்டத்தை அதற்கே சூட்டியது. மூன்றாம் நாள் கீறல் ஆறியிருக்கும், சுற்றிலும் உள்ளங்கையகலம் சிவந்து அரிக்கும்.

"காத்தாட விடு, காயட்டும்" என்பதும் ஒரு மருந்தே, அதுவும் பிழையானது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றித்தோலில் சோதித்து, ஈரம் காக்கும்படி மூடிய காயத்தில் காற்றாட விட்டதைவிட ஏறத்தாழ இரட்டை வேகத்தில் புதுத்தோல் படர்வதைக் காட்டினார்.

மூடுவதற்குத் துணியுண்டா என்று நம்மூரில் கேட்பது பெரும்பாவம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வதே பேண்டேஜ் துணிதான். இழை இடைவெளி விட்டு நெய்த காடாத்துணி முதலில் தண்ணீரைக் குடிக்காது, பஞ்சின் மெழுகு தடுக்கும். காரத்தில் வேகவைத்து வெளுத்த பின்னரே உறிஞ்சும். ஆனால் அந்தக் கண்ணிகளே மென்தோலுக்குப் பகை. கசியும் நீர் இடைவெளிகளில் புகுந்து காய்ந்து இழையைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் வெடுக்கென்று இழுத்தால் புதுத்தோலும் கூடவே வரும். ஆகவே கழுவித் துடைத்த காயத்தில் மெல்லிசாக வாசலின் தடவி, ஒட்டாத பட்டியோ வாசலின் ஊறிய துணியோ வைத்து, மேலே நம் பேண்டேஜை ஒரு சுற்று சுற்றி, காகித டேப்பைத் தோலில் படாமல் துணிமேலேயே ஒட்டுக. ஒட்டிக்கொண்டால் கொதிக்கவைத்து ஆற்றிய நீரை ஊற்றி, ஊறும்வரை காத்திருந்து பிரிக்க வேண்டும். கடைசி டெட்டனஸ் தடுப்பூசி போட்ட வருடமும் நினைவிருப்பது நல்லது: சுத்தமான காயத்துக்குப் பத்தாண்டு, மண் புகுந்ததற்கு ஐந்தாண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும்.

சிவப்பு பரவினாலும், சீழ் கோத்தாலும், காய்ச்சல் கண்டாலும் அது சிராய்ப்பு என்ற பெயரை இழந்துவிடும். அதற்கு இலக்கணம் சொல்ல மருத்துவர் இருக்கிறார்.