மிச்சபூமியில் மிச்சம் என்ன?

கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் இந்த மலையேறி வந்தபோது அதைவிட அதிகமாக வளைந்தது. மேலே தேயிலை. தேயிலை, காபி, ரப்பர், ஏலக்காய் என்றால் உச்சவரம்பு கிடையாது. கீழே நெல்லும் தென்னையும் வைத்திருக்கிறவனுக்கு உண்டு. ஐந்து பேர் குடும்பத்துக்கு 10 ஸ்டாண்டர்டு ஏக்கர். சட்டத்துக்கும் பயிர் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

வரம்புக்கு மேலே நிற்கும் நிலத்தைக் கேரளத்தில் மிச்சபூமி என்பார்கள். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல்லே போதும். பந்தி முடிந்து பெரியவர்கள் ஏப்பம் விட்ட பிறகு இலையில் கிடப்பது. அதையும் ஒழுங்காகப் போடவில்லை என்பதுதான் கதை.

1970 ஜனவரி 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது. குத்தகை முறை ஒழிந்தது. அந்த மட்டில் அது பெரிய காரியம். மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் மிச்சபூமி அசையவில்லை. கோப்பு அசைந்தால்தானே நிலம் அசையும்! மே மாதம் வரை பொறுத்தார்கள். மே 25 அன்று திருவனந்தபுரம் முடவன்முகளில், அரண்மனை மதிலேறி உள்ளே குதித்தார் ஒரு பெரியவர். வயது 65. பெயர் ஏ.கே. கோபாலன். மக்களவை உறுப்பினர். போலீஸ் காத்திருந்தது. கைது. சிறை.

நிலத்தை எடுக்க நடைபோடாத அரசு, எம்.பி.யைப் பிடிக்க ஓடி வந்தது.

பிடித்தது யார்? வெள்ளைக்காரனா? அவன் போய் 23 வருஷம். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.யா? அவர் 1947இலேயே வெட்டு வாங்கிக்கொண்டு ஊரைக் காலி செய்துவிட்டார். அப்போது முதலமைச்சர் சி. அச்சுத மேனன். கம்யூனிஸ்ட். 1957இல் பதவியேற்ற ஒரே வாரத்துக்குள், குடியானவனை நிலத்தைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்ட அமைச்சரவையில் நிதி அமைச்சர். 1964இல் கட்சி பிளந்தது. ஒரு பாதி கோட்டைக்குள், மறுபாதி மதில் மேல். இரண்டு பாதிக்கும் கொடி சிவப்பு. லத்திக்கு மட்டும் நிறபேதம் தெரியவில்லை.

ஒரு கையால் நிலச் சட்டம், மறு கையால் சிறை. இதை நம் ஆட்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். காப்புரிமை லண்டனில் இருக்கிறது. 1881 ஆகஸ்டில் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக் குத்தகைக்காரர்களுக்கு நிலச் சட்டம் கொடுத்தார். அக்டோபர் 13 அன்று அந்தக் குத்தகைக்காரர்களின் தலைவர் பார்னெல்லை கில்மெய்னம் சிறையில் போட்டார். அவரும் எம்.பி. கூட இன்னும் சில எம்.பி.க்கள். விசாரணை? எதற்கு? சந்தேகம் இருந்தால் போதும் என்று அதே வருஷம் இன்னொரு சட்டம் தயாராக இருந்தது. அடுத்த மே மாதம், குத்தகை பாக்கியில் சலுகை என்று பேரம் படிந்ததும் கதவு திறந்தது. இன்னொரு எம்.பி. வில்லியம் ஓபிரையன், 1887இல் கைதி உடுப்புப் போட மாட்டேன் என்றார். வெளியிலிருந்து அவருக்குக் கோட்டு சூட்டு கடத்தி வந்தார்கள். ஒரு சாம்ராஜ்யம் உட்கார்ந்து ஒருவருடைய கால்சட்டையைப் பற்றிக் கவலைப்பட்டது. விவசாயியின் கோவணம் யார் கண்ணிலும் படவில்லை.

கோபாலனுக்குச் சிறை புதிதல்ல. 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலையானபோதும் அவர் உள்ளேதான். 1950இல் தடுப்புக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். உடம்பைப் பூட்டி வைப்பதற்கு ஒரு சட்டம் இருந்தால் சரி, மற்ற அடிப்படை உரிமைகளைக் கொண்டுவந்து அதை உரசிப் பார்க்கத் தேவையில்லை என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. இருபது வருஷம் அந்தத் தர்க்கம் கல்லாக நின்றது.

பிறகு 1970 பிப்ரவரியில், வங்கிகளை நாட்டுடைமையாக்கிய வழக்கில், அதே நீதிமன்றம் அந்தத் தர்க்கம் தவறு என்றது. வழக்குப் போட்டவர் வங்கிப் பங்குதாரர். ஒரு மனிதனின் உடம்புக்குக் கரையாத கல், பங்குப் பத்திரத்துக்குக் கரைந்தது. மூன்றே மாதத்தில் கோபாலன் மறுபடி உள்ளே. இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ஆசிரியர் நம்பும்படி எழுதுங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

இன்று முடவன்முகளுக்கு ஆண்டு விழா, புகழாரம், மைக். அன்று மதிலுக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே நின்றவர்கள், எல்லோருடைய வாரிசுகளும் மாறி மாறி ஆண்டாகிவிட்டது. தோட்டங்களுக்குக் கொடுத்த விலக்கு மட்டும் எந்த ஆட்சியிலும் வேர் ஆடவில்லை. உழுதவனுக்கு நிலம் என்றார்கள். கொழுந்து கிள்ளுவது உழவில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. கிள்ளுகிறவர்களில் நம் தமிழர்கள் எத்தனை தலைமுறை! சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. இருப்பது லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். மண் அப்போதுதான் அவர்களைத் தேடி வந்தது.

முடவன்முகளிலாவது ஏறிக் குதிக்க ஒரு மதில் இருந்தது. லயத்துக்கு அதுவும் இல்லை. வயதாகி வேலை முடிந்தால் அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு, தட்டுமுட்டுச் சாமானோடு மலையிறங்க வேண்டியதுதான். பணிக்கொடை எப்போது வரும் என்று கேட்டால், மேலே எழுதியிருக்கிறோம் என்பார்கள்.